நேற்று, இன்று, நாளை: ஒரு உளவியல் கேள்வித்தாள் ஜப்பானுக்குப் போகும்போது

"எதிர்காலத்தைப் பற்றி அடிக்கடி யோசிப்பேன்." சாதாரண வாக்கியம்தான். ஆனால் இதை ஜப்பானிய மொழியில் எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிடும். எதிர்காலம் என்பதற்கு அங்கே மிராய் என்று ஒரு சொல் இருக்கிறது, ஷோராய் என்று இன்னொன்று இருக்கிறது. மிராய் கொஞ்சம் தூரத்தில் இருப்பது. உலகத்தின் எதிர்காலம், மனித குலத்தின் எதிர்காலம், ரோபோக்களோடு வாழப்போகும் நூற்றாண்டு என்று பேசும்போது வருவது. ஷோராய் நமக்குப் பக்கத்தில் இருப்பது: என் படிப்பு, என் வேலை, என் கல்யாணம். "பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று பள்ளிப் பிள்ளையிடம் கேட்கும்போது ஷோராய்தான் வரும். ஒரே ஆளிடம் இந்த வாக்கியத்தை மிராய் போட்டு ஒரு தடவையும் ஷோராய் போட்டு ஒரு தடவையும் கேட்டால், இரண்டு வேறு பதில்கள் வர நல்ல வாய்ப்பு உண்டு. அகராதி இரண்டுக்கும் எதிர்காலம் என்றே பொருள் சொல்லும், பதில் சொல்பவரின் மனத்தில் அவை இரண்டு வேறு கேள்விகள்.

உளவியல் கேள்வித்தாள் ஒன்றை வேறு மொழிக்குக் கொண்டுபோவது ஏன் இவ்வளவு பாடுபடுத்தும் வேலை என்பதைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது காலநோக்கை அளக்கும் ஒரு கேள்வித்தாள்.

காலநோக்கு என்றால் என்ன? ஜப்பானில் ஜூன், ஜூலை வாக்கிலும் டிசம்பரிலும் பல நிறுவனங்கள் போனஸ் தரும். ஒரே அலுவலகத்தில் ஒரே தொகையை வாங்கிய மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அன்றைக்கே வங்கியில் போட்டுவிட்டு, மகளின் கல்லூரிச் செலவுக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். இன்னொருவர் வெந்நீர் ஊற்று இருக்கும் மலையூர் விடுதி ஒன்றில் வார இறுதிக்கு அறை எடுத்துவிட்டார். மூன்றாமவருக்குப் பணத்தைப் பார்த்ததும் முன்பு வேலை போன வருடம் ஞாபகம் வருகிறது, செலவழிக்கவும் மனம் வரவில்லை, சேர்த்து என்ன ஆகப் போகிறது என்றும் தோன்றுகிறது. மூவரின் கையிலும் இருப்பது ஒரே பணம்தான், ஆனால் ஒவ்வொருவர் மனமும் ஒவ்வொரு காலத்தில் போய் நிற்கிறது. மனம் பழக்கமாக எந்தக் காலத்தில் போய் நிற்கிறது, அங்கிருந்து மற்றக் காலங்களை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் காலநோக்கு.

இந்தக் கருத்தை உளவியலில் வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளர் கர்ட் லெவின். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒருவருக்குத் தன் கடந்தகாலத்தைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் இருக்கும் பார்வைகளின் மொத்தம் என்று அவர் இதை வரையறுத்தார். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஜிகன்தெகி தெம்போ. ஜிகன் என்றால் நேரம். தெம்போ என்றால் உயரத்தில் நின்று பரந்து பார்ப்பது. அங்கே கோபுரங்களின் உச்சியில் ஊரைப் பார்ப்பதற்கென்று இருக்கும் தளத்துக்குப் பெயர் தெம்போதாய். காலத்தை மேட்டில் ஏறி நின்று பார்க்கிற மாதிரி ஒரு சொல் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். லெவினே 1933-இல் ஜப்பானுக்கு வந்து பேசிவிட்டுப் போனவர், ஆகவே அவருடைய சிந்தனை அங்கே புதிதாக இறக்குமதியான சரக்கும் கிடையாது.

இப்போது கேள்வித்தாளுக்கு வருவோம். 1999-இல் அமெரிக்க உளவியலாளர்களான பிலிப் ஜிம்பார்டோவும் ஜான் பாய்டும் ஜிம்பார்டோ காலநோக்குப் பட்டியல் என்ற ஒன்றை வெளியிட்டார்கள். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் சிறைச்சாலைப் பரிசோதனை நடத்தியவர் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே ஜிம்பார்டோதான். மொத்தம் 56 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எந்த அளவு பொருந்துகிறது என்று 1 முதல் 5 வரை எண் கொடுக்க வேண்டும். அந்தப் பதில்களிலிருந்து ஐந்து மதிப்பெண்கள் கிடைக்கும். கடந்தகாலத்தைக் காயமாகச் சுமப்பது ஒன்று, அதை இனிமையாக நினைப்பது ஒன்று. நிகழ்காலத்தை அனுபவிக்கத் துடிப்பது ஒன்று, எல்லாம் விதிப்படி நடக்கும் என்று நிகழ்காலத்தில் அப்படியே இருந்துவிடுவது ஒன்று. ஐந்தாவது, எதிர்காலத்தைக் குறிவைத்துத் திட்டமிடுவது. இவை ஐந்து வகை மனிதர்கள் என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லோரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் வேறு.

சரி, 56 வாக்கியங்கள்தானே, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துவிட மாட்டாரா? முடித்துவிடுவார். ஆனால் அவர் கொடுப்பது மொழிபெயர்ப்பு, நமக்கு வேண்டியது அதே அளவுகோல்.

வழக்கமாக இது எப்படி நடக்கும் என்றால், முதலில் மூலத்தை உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்குவார்கள். அப்புறம் இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள், பிறகு உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்குவார்கள். அதன்பின் மூலத்தையே பார்த்திராத வேறொருவர் அந்த ஜப்பானிய வாக்கியங்களை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். இதுதான் மீள்மொழிபெயர்ப்பு, ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது கிட்டத்தட்ட எல்லோரும் கடைப்பிடிக்கும் முறையாகிவிட்டது. திரும்பி வந்த ஆங்கிலமும் மூல ஆங்கிலமும் ஒத்துப்போனால் நல்லது. ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மிராய் என்று போட்டாலும் ஷோராய் என்று போட்டாலும் திரும்பி வரும்போது ஒரே ஆங்கிலச் சொல்தான் வரும், வித்தியாசம் வழியிலேயே காணாமல் போயிருக்கும்.

இப்படிக் காணாமல் போகிற இடங்கள் இந்தக் கேள்வித்தாளில் நிறைய. கடந்தகாலத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நேர்ச் சொல் ககோ. ஆனால் ஜப்பானிய மொழியில் ஒருவரை 'ககோ உள்ளவர்' என்றால், வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவர் வாழ்க்கையில் இருக்கிறது என்ற சாயல் வந்துவிடும். முகாஷி என்று இன்னொரு சொல் உண்டு, அது 'அந்தக் காலத்தில்' என்பது மாதிரி. குழந்தைக் கதைகள் 'முகாஷி முகாஷி' என்றுதான் தொடங்கும். நினைவு என்பதற்கு கியோகு என்றால் வெறும் ஞாபகம். ஒமொய்தே என்றால் பெரும்பாலும் மனம் இளகி நினைத்துப் பார்க்கிற ஞாபகம். "என் கடந்தகாலத்தை நினைத்தால் மகிழ்ச்சி வருகிறது" என்ற கருத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வையுங்கள். அதில் ககோ போட்டால் சிலருக்கு நெருடும். ஒமொய்தே போட்டால் இனிப்பை நாமே முன்கூட்டிக் கலந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும், ஆமாம் என்று சொல்லாதவர் குறைவாகத்தான் இருப்பார்.

நட்சுகஷீ என்ற சொல்லையும் சொல்லியாக வேண்டும். பழைய பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும்போதோ, அம்மா செய்த குழம்பின் வாசம் வேறு எங்கோ அடிக்கும்போதோ ஜப்பானியர்கள் வாய்விட்டுச் சொல்லும் சொல் இது. ஒட்டிக்கொள்வது, பிரியமாகப் பழகிவிடுவது என்ற பொருளுள்ள வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் இதற்கு இணையாகச் சொல்லப்படும் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லில் இழந்துவிட்டோமே என்ற ஏக்கம் ஒரு பங்கு இருக்கும். நட்சுகஷீயில் ஏக்கத்தைவிட இதம் தூக்கலாக இருக்கும். குழந்தைப் பருவத்தை ஏக்கத்தோடு நினைப்பது பற்றிய மூல வாக்கியத்துக்கு இதைப் போட்டால் மிக இயல்பான ஜப்பானியம் கிடைக்கும். கேள்வி மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

விதி பற்றிய வாக்கியங்களில் சிக்கல் இன்னும் ஆழமாகப் போகிறது. உன்மெய் என்றாலும் விதி, ஷுகுமெய் என்றாலும் விதி. ஆனால் உன்மெய்யில் நகர்வுக்கு இடம் உண்டு. நல்ல சந்திப்பு ஒன்றைக்கூட மகிழ்ச்சியோடு உன்மெய் என்பார்கள். ஷுகுமெய் பிறக்கும்போதே கூட வந்தது, மாற்ற முடியாதது. தமிழ் படிக்கிற நமக்கு இது சட்டென்று புரியும், ஏனென்றால் விதி, ஊழ், தலையெழுத்து, கொடுப்பினை எல்லாம் ஒரே பொருள் என்று நம்மிடம் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டோம். "எனக்குக் கொடுப்பினை இல்லை" என்பவரும் "எல்லாம் தலையெழுத்து" என்பவரும் ஒரே மனநிலையில் இல்லை. இதற்கு மேல், ஜப்பானில் 'ஷிகத்த கா நாய்' என்று ஒரு பேச்சு வழக்கு. வேறு வழியில்லை, என்ன செய்ய முடியும் என்று பொருள். ரயில் நின்றாலும், மழையில் விழா நின்றாலும், பெரிய இழப்பு வந்தாலும் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் இதை விதியிடம் சரணடைவது என்று எழுதிவிடுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாற்ற முடியாததை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதற்கும் பல நேரம் அதே சொல்தான் உதவுகிறது. அப்படிப்பட்ட ஒருவர், நம்மால் கட்டுப்படுத்த முடியாத சக்திகள் வாழ்க்கையில் உண்டா என்ற கேள்விக்கு 4 போட்டால், அது சோர்வைக் காட்டுகிறதா தெளிவைக் காட்டுகிறதா என்பதை அந்த எண் நமக்குச் சொல்லாது.

இலக்கணத்துக்கும் வருவோம். தமிழில் மூன்று காலமும் வினைச்சொல்லிலேயே தெரியும்: குடித்தேன், குடிக்கிறேன், குடிப்பேன். ஜப்பானிய வினையில் எதிர்காலத்துக்கென்று தனி வடிவம் இல்லை. நோமு என்றால் தினமும் குடிப்பதும் ஆகலாம், நாளைக்குக் குடிக்கப் போவதும் ஆகலாம், பக்கத்தில் இருக்கும் சொற்கள்தான் எது என்று சொல்லும். நாமும் இதில் பாதி வழி போகிறவர்கள்தான், "காலையில் காபி குடிப்பேன்" என்று எதிர்கால வடிவத்தில் பழக்கத்தைச் சொல்கிறோம் இல்லையா? ஆகவே எதிர்காலம் பற்றிய கேள்விகளில், இது பழக்கமா திட்டமா என்று வாசிப்பவர் குழம்பாமல் இருக்க 'எப்போதும்', 'இனிமேல்' போன்ற சொற்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். 'நான்' என்ற சொல்லும் அப்படித்தான். ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான்' வரும். ஜப்பானியத்தில் அத்தனை தடவை 'வதாஷி' போட்டால் பிடிவாதக்காரர் பேசுவதுபோல் கேட்கும், எனவே விட்டுவிடுவார்கள். தமிழில் விட்டாலும் 'ஏன்' விகுதி ஆளைக் காட்டிவிடும், ஜப்பானிய வினையில் அதுவும் கிடையாது. ஒரு வாக்கியம் தன்னைப் பற்றியதா, உலகத்தைப் பற்றிய பொதுக் கருத்தா என்பது மங்கிவிடுகிறது.

பதில் சொல்லும் விதத்திலும் வேறுபாடு உண்டு. மூலத்தில் ஐந்து வாக்கியங்கள் தலைகீழாகக் கணக்கிடப்படுபவை, அதாவது ஆமாம் என்றால் மதிப்பெண் குறையும். வேலை குறித்த நேரத்தில் முடியாவிட்டால் கவலைப்பட மாட்டேன் என்பது அதில் ஒன்று. "வரலையா?" என்று கேட்டால் நாம் "ஆமா, வரலை" என்போம், ஆங்கிலத்தில் "இல்லை, வரவில்லை" என்பார்கள். ஜப்பானியர்கள் இந்த விஷயத்தில் நம் கட்சி. எனவே எதிர்மறை வாக்கியத்துக்கு 'பொருந்தாது' என்று போடச் சொல்லும்போது யார் எதை மறுக்கிறார்கள் என்பது தடுமாற இடமிருக்கிறது. அப்புறம் நடு எண். ஐந்தில் மூன்றுக்கு ஜப்பானியக் கேள்வித்தாள்களில் வழக்கமாக 'தோச்சிரா தோமோ இயெனாய்' என்று எழுதியிருக்கும், இரண்டில் எதுவென்றும் சொல்ல முடியாது என்று பொருள். 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டு, கிழக்காசிய மாணவர்கள் நடு எண்ணை அதிகமாகவும் இரண்டு ஓரத்து எண்களைக் குறைவாகவும் எடுக்கிறார்கள் என்று காட்டியது. அப்படியென்றால் ஒரு ஜப்பானியரின் 3-ஐயும் ஒரு அமெரிக்கரின் 4-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவருக்கு எதிர்கால நோக்கு குறைவு என்று சொல்வது அநியாயம்.

நேரந்தவறாமை பற்றிய வாக்கியங்கள் எனக்கு மிகவும் சுவாரஸ்யமானவை. சந்திப்புக்குத் தாமதமாகப் போனால் மனம் சங்கடப்படுவது எதிர்கால நோக்கின் அடையாளமாகக் கேள்வித்தாளில் வருகிறது. ஆனால் ரயில் சில நிமிடம் தாமதமானால் நிறுவனமே தாமதச் சான்றிதழ் கொடுத்து, பயணி அதை அலுவலகத்தில் காட்டக்கூடிய நாடு ஜப்பான். ஜூன் 10-ஆம் தேதியை 1920 முதல் நேர நினைவு நாளாகக் கொண்டாடுகிறார்கள். 31 நாடுகளில் நடக்கும் வேகம், அஞ்சலகத்தில் ஒரு தபால்தலை வாங்க ஆகும் நேரம், பொதுக் கடிகாரங்களின் துல்லியம் ஆகியவற்றை அளந்து 1999-இல் ராபர்ட் லெவைனும் ஆரா நோரென்சயனும் வெளியிட்ட ஆய்வில் வாழ்க்கை வேகத்தில் ஜப்பான் நான்காவது இடம். இப்படிப்பட்ட இடத்தில் தாமதத்துக்குச் சங்கடப்படுவது அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நாகரிகமாக இருக்கலாம், எதிர்காலத் திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். இன்னொரு வளைவும் உண்டு: மனிதர்கள் தங்களை அளப்பது தங்களைச் சுற்றியிருப்பவர்களோடு ஒப்பிட்டுத்தான். எல்லோரும் ஐந்து நிமிடம் முன்னால் வந்து நிற்கும் ஊரில் சரியான நேரத்துக்கு வருபவர் தன்னைச் சோம்பேறி என்று நினைத்து 2 போட்டுவிடுவார்.

இதெல்லாம் ஊகம்தானே, எப்படிச் சோதிப்பது? முதலில் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டு, வாக்கியத்தைப் படித்ததும் மனத்தில் என்ன ஓடுகிறது என்று சத்தமாகச் சொல்லச் சொல்வார்கள். இந்தக் கட்டத்தைச் சுருக்கக் கூடாது, இங்கே கிடைக்கிற வெளிச்சம் பின்னால் எந்தக் கணக்கிலும் கிடைக்காது. பிறகு நூற்றுக்கணக்கானவர்களிடம் பதில் வாங்கி, காரணிப் பகுப்பாய்வு என்ற கணக்கைச் செய்வார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கல்யாண மண்டபத்துக்கு யாரையும் தெரியாத ஒருவர் போகிறார். யார் யாரோடு சேர்ந்து உட்காருகிறார்கள், ஒருவர் எழுந்தால் கூடவே யார் யார் எழுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இது ஒரு குடும்பம், அது நண்பர் கூட்டம் என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிடும். காரணிப் பகுப்பாய்வும் அதையேதான் செய்கிறது. ஒரு வாக்கியத்துக்கு உயர்ந்த எண் போடுபவர்கள் வேறு எந்தெந்த வாக்கியங்களுக்கும் உயர்ந்த எண் போடுகிறார்கள் என்று பார்த்து வாக்கியங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கிறது. அமெரிக்காவில் ஐந்து குடும்பங்கள் கிடைத்தன. ஜப்பானிலும் ஐந்து கிடைக்க வேண்டும், ஒவ்வொரு வாக்கியமும் தன் பழைய குடும்பத்தோடேயே உட்கார வேண்டும். தாமதம் பற்றிய வாக்கியம் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டால், அதைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். ஜப்பானிய வடிவத்தின் காரணி அமைப்பை ஆராய்ந்த கட்டுரை 2012-இல் அங்கே வெளிவந்தது.

ஒரே குடும்பத்து வாக்கியங்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் சொல்லும். மூலக் கேள்வித்தாளில் அது 0.74 முதல் 0.82 வரை இருந்தது, புதிய மொழியிலும் ஏறக்குறைய அந்த அளவு வேண்டும். சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டாலும் பதில் பெரிதாக மாறக் கூடாது.

ஐந்து குடும்பங்கள் கிடைத்துவிட்டால் நாடுகளை ஒப்பிடலாமா? இன்னும் இல்லை. காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடையிலும் தராசு இருக்கிறது என்பது முதல் படி. ஒரு கிலோ என்று இரண்டும் காட்டுவது ஒரே அளவுதானா என்பது இரண்டாம் படி. தட்டில் ஒன்றும் வைக்காதபோது இரண்டும் பூஜ்யத்தில் நிற்கின்றனவா என்பது மூன்றாம் படி. ஒன்று வெறும் தட்டிலேயே 200 கிராம் காட்டினால் இரண்டு கடைக் காய்களையும் எடை போட்டு ஒப்பிட முடியாது. இந்த மூன்றையும் சோதிப்பதற்கு அளவீட்டு மாறாமை என்று பெயர். 2014-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று 24 நாடுகளில் 12,200 பேரின் பதில்களை எடுத்துப் பார்த்தபோது, 56 வாக்கியங்களில் 36 மட்டுமே நாடு தாண்டியும் நிலைத்து நின்றன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கழன்றுவிட்டது. எந்த நாட்டுக்காரர் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் யோசிக்கிறார் என்று தரவரிசை போடும் செய்தியைப் பார்க்கும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து கொண்டுவருவது ஒரு வழி என்றால், உள்ளூரிலேயே செய்வது இன்னொரு வழி. ஜப்பானிய உளவியலாளர் தோஷியாகி ஷிராய் 1994-இலேயே, அதாவது ஜிம்பார்டோவின் கட்டுரைக்கு ஐந்து வருடம் முன்பே, ஜப்பானிய மொழியில் 18 வாக்கியங்கள் கொண்ட காலநோக்கு அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். அதில் நான்கு பிரிவுகள்: இலக்கு நோக்கிப் போவது, நம்பிக்கை, நிகழ்காலத்தில் நிறைவு, கடந்தகாலத்தை ஏற்றுக்கொள்வது. கடைசி இரண்டையும் கவனியுங்கள். ஜிம்பார்டோவின் கேள்வித்தாளில் நிகழ்காலம் என்றால் இன்பத்தைத் தேடி ஓடுவது அல்லது விதியென்று இருப்பது. ஷிராயின் அளவுகோலில் நிகழ்காலம் என்றால் மனம் நிறைந்திருப்பது. கடந்தகாலமும் அப்படித்தான், இனித்ததா கசந்ததா என்று கேட்காமல், அதோடு சமாதானமாகிவிட்டாயா என்று கேட்கிறது. இறக்குமதியான கேள்வித்தாள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டையும் ஒரே ஆட்களிடம் கொடுத்துப் பார்ப்பது நல்ல வழி: கடந்தகாலத்தைக் காயமாகச் சுமப்பவர், ஏற்றுக்கொள்ளும் பிரிவில் குறைவாக வாங்க வேண்டும். அப்படி வரவில்லையென்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

கடைசியாக, யாரிடம் கேட்கிறோம் என்பது. உளவியலில் கைக்கு எட்டுகிற ஆட்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ஜப்பானில் மூன்றாம் ஆண்டு மாணவர் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு நேர்காணல் நேர்காணலாக அலைவார். ஷூகத்சு என்பார்கள், வேலை தேடும் படலம். அந்த மாதத்தில் அவரிடம் ஷோராய் பற்றிக் கேட்டால் பதில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே ஷோராயை 75 வயதுப் பாட்டியிடம் கேட்டால், பெரியவளானதும் என்ன ஆவாய் என்று கேட்ட மாதிரி அவர் சிரிப்பார். காலக்கெடு, நாளைய வேலை, செய்ய வேண்டியவற்றின் பட்டியல் பற்றிய வாக்கியங்களுக்கெல்லாம் அவர் 1, 2 என்று போட்டுக்கொண்டே போகலாம். எதிர்கால நோக்கு இல்லாதவர் என்று கணக்கு சொல்லும். ஆனால் வீட்டில் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார், எண்டிங் நோட் என்று அதற்குப் பெயர். கல்லறை எங்கே, வங்கிக் கணக்கு எது, கிமோனோவை யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருப்பார். தன் முடிவுக்குத் தானே தயாராகும் இந்த வேலைக்கும் ஜப்பானியர்கள் ஷூகத்சு என்றுதான் சொல்கிறார்கள். ஒலி ஒன்றுதான், எழுதும்போது முதல் எழுத்து மட்டும் வேறு.